கரிசலில் குதிரைவாலி: விதை, ஆலை, விலை மூன்றும் ஒன்றுசேர வேண்டும்

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லி மீட்டர் மழைதான் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் வறண்ட காற்றுமே மிச்சம். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்ற இந்த வறண்ட சீதோஷ்ணமும் ஒரு காரணம். இதே சீதோஷ்ணத்தில், இரண்டு மூன்று நல்ல மழையிலேயே விளைந்து குடும்பத்துக்குச் சோறும் மாட்டுக்குத் தட்டையும் தரக்கூடிய பயிர் குதிரைவாலி.

திருச்சுழி, காரியாபட்டி, அருப்புக்கோட்டை வட்டாரங்களிலும், பக்கத்து மதுரை மாவட்டத்தின் பேரையூர்ப் பகுதியிலும் குதிரைவாலி பழைய பயிர். பட்டாசு ஆலைக்குப் போய்வரும் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஓரிரு ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பைத் தடை செய்த பிறகு ஆலை வேலை தடுமாறியபோது, அந்த நிலத்தின் அருமை இக்குடும்பங்களுக்குத் தெரிந்தது. ஆனால் நிலம் இருந்தும் குதிரைவாலியை விதைக்கப் பலர் தயங்குகிறார்கள்.

தயக்கத்தின் காரணம்

முதற் காரணம் விற்பனை. மக்காச்சோளத்தைக் கோழித் தீவனத்துக்காக வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துக்கொள்கிறார். 2018இல் படைப்புழு தாக்கி மக்காச்சோளம் பெருஞ்சேதம் அடைந்தது. அப்படியும் விவசாயிகள் அதை விடவில்லை. விற்பதில் சிரமமில்லை என்பதே காரணம்.

இரண்டாவது, உமி நீக்கும் வேலை. நெல்லைப் போல எந்த ஆலையிலும் இதைக் கொடுத்து அரிசியாக்க முடியாது. மணி சிறியது, உமி இறுகப் பிடித்திருக்கும், கல்லும் மண்ணும் எளிதில் கலந்துவிடும். முன்பு பெண்கள் உரலில் குத்திப் புடைத்தார்கள். இன்று பகலெல்லாம் ஆலை வேலை பார்த்துவிட்டு வருபவரிடம் அந்த வேலையை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, ஆள் பற்றாக்குறை. தீபாவளிக்கு முந்திய மாதங்களில்தான் ஆலைகளில் வேலை மும்முரம். மானாவாரி விதைப்பும் அதே சமயத்தில் வந்துவிடுகிறது.

ஆக, விதையை மட்டும் கொடுத்தால் இப்பயிர் நிலைக்காது. விதை விஞ்ஞானியின் பொறுப்பு. விலையும் கொள்முதலும் அரசின் பொறுப்பு. எந்த ரகம் தன் நிலத்துக்கு ஒத்துவரும், எந்த வேலை தன்னால் முடியாது என்று சொல்வது விவசாயியின் பொறுப்பு. இம்மூவரும் தனித்தனியே வேலை செய்த வரை குதிரைவாலி பின்னுக்குப் போயிற்று.

பேரையூர் அனுபவம்

இவர்களைச் சேர்த்துவைக்கும் முயற்சி ஒன்று 2011 முதல் பேரையூரில் நடந்தது. கனடா நாட்டு நிதியுதவியில் மதுரை தானம் அறக்கட்டளை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதலியவை சேர்ந்து நடத்திய சிறுதானியத் திட்டம் அது. ரகங்களைப் பண்ணையில் மட்டும் சோதிக்காமல் விவசாயிகளின் நிலத்திலேயே விதைத்து, அவர்களையே தேர்வு செய்யச் சொன்னார்கள்.

இதனால் ஒரு நன்மை உண்டு. ஆராய்ச்சிப் பண்ணையில் மணியின் எடைக்கே முதலிடம். விவசாயியோ தட்டையின் அளவு, கதிர் உதிராமல் நிற்பது, சோற்றின் ருசி ஆகியவற்றையும் பார்ப்பார். அவர் பார்வையில் தேறாத ரகம் அடுத்த ஆண்டு வயலில் இருக்காது.

உமி நீக்கும் சுமையும் இத்திட்டத்தில் ஆராயப்பட்டது. கிராமத்திலேயே வைத்து இயக்கக்கூடிய சிறு இயந்திரங்களைச் செம்மைப்படுத்த, இயந்திரத் தயாரிப்பாளர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். உரலடியில் பெண்கள் பட்ட சிரமம் எடுத்துச் சொல்லப்பட்ட பிறகே அது ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று.

கேழ்வரகு முந்திக்கொண்டது

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்துக்கும் இடம் இருந்தது. 2018இல் மத்திய அரசு குதிரைவாலி உள்ளிட்ட சிறுதானியங்களைச் சத்துமிகு தானியங்கள் என அறிவித்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டின் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் வந்தது. அதற்காக விவசாயிகளிடமிருந்து நேரடிக் கொள்முதலும் நடந்தது.

கேழ்வரகு ரேஷன் கடைக்கு வந்ததும் குதிரைவாலி வராததும் ஏன் என்று பார்க்க வேண்டும். கேழ்வரகுக்கு ஆதரவு விலை உண்டு; 2022-23இல் அது குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். கேழ்வரகை அரிசியாக்க வேண்டியதில்லை. மாவாக அரைத்தால் போதும். குதிரைவாலிக்கோ கேழ்வரகு போல் தனியே அறிவித்த ஆதரவு விலையும் இல்லை, அருகில் ஆலையும் இல்லை. எனவே உமி நீக்கும் ஆலையும் கொள்முதல் விலையும் ஒருசேர வந்தால்தான் இப்பயிருக்கு வழி திறக்கும்.

ஒடிசா காட்டிய வழி

ஒடிசா மாநிலத்தில் 2016இல் அரசு அதிகாரிகள், ஆராய்ச்சி நிறுவனத்தார், தொண்டு நிறுவனங்கள், விவசாயிகள் ஒன்றாக அமர்ந்து பேசினார்கள். அதன் பலனாக 2017இல் அங்கே சிறுதானிய இயக்கம் தொடங்கியது. விதை, பயிர்ச் செலவுக்கு ஊக்கத்தொகை, அரைவை இயந்திரம், அரசுக் கொள்முதல், குழந்தைகளுக்குக் கேழ்வரகு லட்டு என எல்லாம் ஒரே திட்டத்துக்குள் வந்தன. ஏழு மாவட்டங்களில் தொடங்கிய திட்டம் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. பழங்குடி விவசாயிகள் தலைமுறைகளாகக் காத்துவந்த நாட்டுக் கேழ்வரகு ரகங்களை அவர்கள் வயலிலேயே சோதித்து, அரசே அதிகாரபூர்வ ரகங்களாக வெளியிட்டது. குந்த்ரா பட்டி அவற்றுள் ஒன்று. ஒரு விவசாயக் குடும்பம் காத்த விதைக்கு அரசின் அங்கீகாரம் கிடைப்பது சிறிய செய்தி அல்ல.

நமக்குப் புதிதல்ல

கரிசல் பூமிக்கு இவ்வழி புதிதல்ல. விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தபோது, செலவில் ஒரு பகுதியை ஊர் மக்களே ஏற்றார்கள். தானியமும் காய்கறியும் கொடுத்தார்கள். அரசும் ஊரும் சேர்ந்ததால் அத்திட்டம் நின்றது.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும், வாரம் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதிச் சிறுதானியத்தில் சிற்றுண்டி தர முயலலாம் என்று வழிகாட்டப்பட்டுள்ளது. விருதுநகர் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குதிரைவாலிப் பொங்கல் கிடைக்குமானால் அது நிரந்தரச் சந்தை. ஆனால் ஒரே தரத்தில், கல் இல்லாத அரிசியை மாதந்தோறும் கொடுக்க ஆள் வேண்டும். தனி விவசாயியால் இது முடியாது, குழுவால் முடியும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. ஓர் ஊரில் இருபது பேராவது சேர்ந்து ஒரே ரகத்தை விதைக்க வேண்டும். ரகம் கலந்தால் அரைவையில் நொய் அதிகமாகும்.

2. அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் வேளாண்மை அறிவியல் நிலையம் உள்ளது. அங்கு சென்று தம் நிலத்திலேயே செயல்விளக்கத் திடல் அமைத்துத் தரும்படி கேட்கலாம். இத்தகைய நிலையங்களின் ஆலோசனைக் குழுவில் விவசாயிகளுக்கும் பண்ணை மகளிருக்கும் இடம் உண்டு. ஊர் சார்பில் ஒருவர் அந்த இடத்தில் அமர முயல வேண்டும்.

3. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் வறட்சி நிவாரணம், பயிர்க் காப்பீடு பற்றி மட்டும் கேட்பது வழக்கம். உமி நீக்கும் இயந்திரம், பள்ளி உணவுக்கான கொள்முதல் ஆகியவற்றையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை ஏக்கர், எவ்வளவு தானியம் என்ற கணக்கோடு கொடுத்த மனுவை ஒதுக்குவது எளிதல்ல.

4. கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றிவைப்பது மனுவுக்கு வலு சேர்க்கும்.

சாகுபடிக் குறிப்புகள்

பட்டம்: புரட்டாசி. கோடை உழவு செய்து வைத்திருந்தால் முதல் மழை ஈரம் மண்ணில் தங்கும்.

ரகம்: கோ 2, மதுரை 1. இரண்டும் 95 முதல் 100 நாளில் அறுவடைக்கு வரும்.

விதை: ஏக்கருக்கு வரிசை விதைப்புக்கு 4 கிலோ, தூவினால் 5 கிலோ. வரிசைக்கு வரிசை 25 சென்டி மீட்டர். வரிசையில் விதைத்தால் ஆள் இல்லாத காலத்தில் கைக்களைக் கருவியே பாதி வேலையை முடித்துவிடும்.

உரம்: ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம். மண் பரிசோதனை செய்யாத நிலங்களுக்கு 18 கிலோ தழைச்சத்தும் 9 கிலோ மணிச்சத்தும் சிபாரிசு செய்யப்படுகிறது. விதையுடன் அசோஸ்பைரில்லம் கலப்பது நல்லது.

களை: 15ஆம் நாளை ஒட்டி முதல் களை, 40ஆம் நாளுக்குள் இரண்டாம் களை. 20ஆம் நாளில் பயிர் கலைப்பது அவசியம்.

சேமிப்பு: மண் களத்தில் அடிக்காமல் தார்ப்பாயில் அல்லது சிமெண்ட் களத்தில் அடித்தால் கல் சேராது. பல்லில் கடித்தால் மணி உடையும் பதத்துக்குக் காயவைத்து, உமியோடு மூட்டை கட்ட வேண்டும். உமியோடு இருந்தால் தானியம் நெடுநாள் கெடாது. அரிசியாக்கிவிட்டால் தவிட்டு எண்ணெயால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே தேவைப்படும்போது மட்டும் அரைப்பதே சரி. சுத்தமான 100 கிலோ தானியத்தில் சுமார் 60 கிலோ அரிசி எதிர்பார்க்கலாம்.

புரட்டாசி விதைப்புக்கு ஆடியிலேயே குழு கூடியாக வேண்டும். விதை கேட்கும்போதே ஆலைக்கும் கொள்முதலுக்கும் சேர்த்து மனு கொடுத்துவிட்டால், தை மாதத்தில் களத்தில் தானியத்தைக் குவித்துவைத்துக்கொண்டு வியாபாரியின் வரவை எதிர்பார்த்து நிற்கும் நிலை வராது.