சைக்கிளுக்கு இன்ஜின் மாட்டலாமா?

கடலூர் துறைமுகத்தில் விடியற்காலையில் போய் நின்றால், மீன் வியாபாரிகளின் டிவிஎஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். பின்னால் ஐஸ் போட்ட பெட்டி, அதன்மேல் கூடை, கூடைக்குள் தராசு. இவ்வளவையும் தூக்கிக்கொண்டு வண்டி படபடவென்று ஓடும். இந்த வண்டியின் முன்னோர் யார் தெரியுமா? நம்ம சைக்கிள்தான். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டில் சைக்கிளைப் போலவே இரண்டு மிதிகள் இருந்தன. மிதித்துத்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். வழியில் பெட்ரோல் தீர்ந்தாலும் மிதித்தே வீடு வந்து சேரலாம். (அப்படி வந்து சேர்ந்த தாத்தாக்களைக் கேளுங்கள், முழங்கால் வலிக் கதை சொல்வார்கள்.)

அப்படியானால், வீட்டில் நிற்கும் சைக்கிளிலேயே ஒரு குட்டி இன்ஜினை மாட்டிவிட்டால் என்ன? இந்த ஆசை உங்களுக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது.

1876-இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ ஃபோர் ஸ்ட்ரோக் (நான்கு வீச்சு) இன்ஜினை ஓட்டிக் காட்டினார். தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும் பெரிய இன்ஜின் அது. அவரிடம் வேலை பார்த்த காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் பிறகு தனியாகப் போய், அதைச் சின்னதாக்கி, 1885-இல் மரச்சட்டம் போட்ட இருசக்கர வண்டி ஒன்றில் பூட்டினார்கள். 264 சிசி. அரைக் குதிரைத்திறன்தான். டைம்லரின் பதின்வயது மகன் பால் அதை ஓட்டிப் பார்த்தபோது இருக்கை தீப்பிடித்துக்கொண்டது! பெட்ரோலைப் பற்றவைக்கும் பழுக்கக் காய்ந்த குழாய், இருக்கைக்கு நேர் கீழே இருந்ததுதான் காரணம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். ஜப்பானில் பேருந்தும் போதவில்லை, பெட்ரோலும் போதவில்லை. 1946-இல் ஹமமட்சு நகரில் சோய்ச்சிரோ ஹோண்டா, ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த சிறு இன்ஜின்களை வாங்கிச் சைக்கிள்களில் மாட்டினார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் பாத்திரம்தான் அவருடைய முதல் பெட்ரோல் டேங்க். ஓட்டிப் பார்த்துச் சொல்லும் வேலை மனைவி சாச்சிக்கு. முதலில் ஒரு ரப்பர் உருளையை முன்சக்கரத்தின் டயர்மேல் உரசவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினார்கள். டயர் தாங்கவில்லை. அதனால் பெல்ட் போட்டுப் பின்சக்கரத்துக்கு மாற்றினார்கள். அவை டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள். பிறகு அவர் தொடங்கிய ஹோண்டா நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த ஃபோர் ஸ்ட்ரோக் 'சூப்பர் கப்' வண்டியின் தயாரிப்பு 2017-இல் பத்துக் கோடியைத் தொட்டுவிட்டது. உலகத்திலேயே அதிகமாகத் தயாரான மோட்டார் வண்டி அதுதான்.

அதே காலத்தில் இத்தாலியில் 'குச்சோலோ' என்ற 48 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் கடைக்கு வந்தது. 1946 முதல் டுகாட்டி நிறுவனம் அதைச் செய்துகொடுத்தது. இன்ஜினை மட்டும் வாங்கி வந்து, வீட்டுச் சைக்கிளில் மிதி சுழலும் இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். இன்றைக்குப் பந்தய மோட்டார் சைக்கிள்களுக்குப் பேர்போன நிறுவனம், மோட்டார் வண்டித் தொழிலைச் சைக்கிள் இன்ஜினில்தான் தொடங்கியது.

ஒன்றைக் கவனித்தீர்களா? டைம்லருக்கு எரிந்தது இருக்கை. ஹோண்டாவுக்குத் தேய்ந்தது டயர். இன்ஜின் என்னவோ ஒழுங்காகத்தான் ஓடியது. அதைச் சுமந்த வண்டிதான் திண்டாடியது. இதை மனதில் வைத்துக்கொண்டு நாம் ஒரு சைக்கிளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இன்ஜினுக்கு எங்கே போவது? வயல் பக்கம் போனால் போதும். வரப்பில் புல் வெட்ட முதுகில் மாட்டிக்கொள்ளும் இயந்திரத்தில் குட்டி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இருக்கும். ஹோண்டா ஜிஎக்ஸ் 35 அப்படி ஒன்று. எடை மூன்றரைக் கிலோவுக்கும் குறைவு. அதன் சிலிண்டரின் விட்டம் 39 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 30 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு உங்களுக்குத் தெரியுமே: 3.14 × 1.95 × 1.95 × 3. பெருக்கிப் பாருங்கள், 35.8 கன சென்டிமீட்டர் வரும். 'சிசி' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது இதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது? சைக்கிள் மிதிக்கும்போது உங்கள் முழங்காலைப் பாருங்கள். அது மேலும் கீழும்தான் போகிறது, ஆனால் மிதி வட்டமாகச் சுற்றுகிறது. பிஸ்டன் அந்த முழங்கால் மாதிரி, கிராங்க் அந்த மிதி மாதிரி. பிஸ்டன் முதல் முறை கீழே இறங்கும்போது ஒரு வால்வு திறக்கும். பெட்ரோல் ஆவி கலந்த காற்று உள்ளே வரும். மேலே ஏறும்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். காற்று நெருக்கப்பட்டுச் சூடாகும். அந்த நேரம் பார்த்து ஸ்பார்க் பிளக்கில் ஒரு பொறி! கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். நமக்கு வேலை செய்து தருவது இந்த ஒரு வீச்சு மட்டும்தான். கடைசியாகப் பிஸ்டன் மேலே வரும்போது மற்ற வால்வு திறந்து புகை சைலன்சர் வழியாக வெளியேறும். நான்கு வீச்சு, கிராங்குக்கு இரண்டு சுற்று, ஒரே ஒரு எரிப்பு. மீதி மூன்று வீச்சுக்கும் இன்ஜினைச் சுழலவைப்பது ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால் 2,500 எரிப்பு. ஒரு நொடிக்கு நாற்பதைத் தாண்டும். தனித்தனியாக உங்கள் காதால் எண்ண முடியாது. அதனால்தான் ஒரே 'டர்ர்ர்' சத்தம்.

டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் எரிப்பு உண்டு, வால்வும் கிடையாது. செய்வதும் எளிது. ஆனால் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும், இரண்டும் சேர்ந்து எரியும், பின்னால் நீலப்புகை வரும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் புகையோடு தப்பி ஓடிவிடும். அதனால்தான் டிவிஎஸ்ஸும் 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100-ஐக் கொண்டுவந்தது.

இப்போது முதல் சிக்கல். இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது. 28 அங்குலச் சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போக நிமிடத்துக்கு 190 சுற்று போதும். 5,000 எங்கே, 190 எங்கே! சுமார் 26 மடங்கு குறைக்க வேண்டும். இன்ஜினில் 11 பல் சக்கரமும் பின்வீலில் 44 பல் சக்கரமும் போட்டால் நான்கு மடங்கு குறையும். மீதி ஆறரை மடங்கை ஒரு கியர் பெட்டி பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் சைக்கிளைப் போய்ப் பாருங்கள்: முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்னது. காலுக்கு வேகம் குறைவு, பலம் அதிகம். குட்டி இன்ஜினுக்கு வேகம் அதிகம், பலம் குறைவு. அதனால் அங்கே எல்லாம் தலைகீழ்.

வலது பக்கம் மிதிச் செயின் இருப்பதால் இன்ஜின் செயினை இடது பக்கம்தான் போட முடியும். சைக்கிளில் மாட்டவென்றே விற்கும் இன்ஜின் கிட் பலவற்றில் 44 பல் சக்கரத்தை ரப்பர் வட்டுகளுக்கு நடுவே வைத்து ஸ்போக்ஸ் கம்பிகளோடு சேர்த்து போல்ட் போடுவார்கள். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவே பிடிக்காது. ஸ்போக்ஸ் கம்பி நீளவாக்கில் இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் முறுக்கினால் நாளடைவில் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். பல்சக்கரம் கோணலாக இருந்தால் செயின் கழன்று ஸ்போக்ஸில் சிக்கிக்கொள்ளலாம். அதனால்தான் இதை மாட்டும் சைக்கிள் கடைக்காரர் முதலில் சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் எடுப்பார்.

நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் ஓடலாம், ஆனால் சக்கரம் ஓடக்கூடாதே? அதற்குத்தான் கிளச். புல் வெட்டும் இயந்திரத்தில் இருப்பது தானாகவே பிடிக்கும் கிளச். சுற்று கூடக்கூட அதன் இரண்டு கட்டைகளும் ஸ்பிரிங்கை மீறி வெளியே விரியும். சுமார் 4,000 சுற்றில் சுற்றியுள்ள டிரம்மைக் கவ்விக்கொள்ளும். சுற்று குறைந்தால் விட்டுவிடும்.

சரி, கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக, வெள்ளாற்றைத் தாண்டிப் போக வேண்டும். மட்டமான சாலை. நிமிர்ந்து உட்கார்ந்து 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், எதிர்க்கும் விசை ஏறக்குறைய 25 நியூட்டன் என்று கணக்கு வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு காற்று தடுப்பது! தேவையான திறன் 175 வாட் அளவில். இந்த இன்ஜின் முழு வேகத்தில் தருவது சுமார் 1,000 வாட். அப்படியானால் ஆறு மடங்கு வேகமாகப் போகலாமா? முடியாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு, அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. 50 கிலோமீட்டரைத் தொடுவதற்குள்ளேயே இன்ஜின் மூச்சு முட்டிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று சிதம்பரத்துக்கு முதுகில் தள்ளிவிடும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும்.

பெட்ரோல்? ஒரு லிட்டரில் முப்பது மெகா ஜூலுக்கும் அதிகமான ஆற்றல் இருக்கிறது. சின்ன இன்ஜின் அதில் ஆறில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலும் சிதம்பரம் போக 200 மில்லி லிட்டர் அளவு போதும். மீதியெல்லாம் வெப்பமாகப் போய்விடும். சைலன்சர் ஏன் சுடுகிறது என்று இப்போது புரிகிறதா? நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக மிதித்தே போனால், பத்துப் பன்னிரண்டு இட்லியின் ஆற்றலில் சிதம்பரம் வந்துவிடும். உங்கள் உடம்பும் சாப்பாட்டில் நான்கில் ஒரு பங்கைத்தான் மிதியில் சேர்க்கிறது. ஆனாலும் குட்டி இன்ஜினைவிட நீங்கள் மோசமில்லை!

பெரியவர்கள் இப்படி ஒரு வண்டியைச் சோதிக்கும்போது சாலைக்கு ஓட மாட்டார்கள். முதலில் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஓடவிடுவார்கள். ஆயில் அளவு, பெட்ரோல் குழாயில் கசிவு, இன்ஜினை உடனே அணைக்கும் சுவிட்ச், எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் இன்ஜினை டைனமோமீட்டர் என்ற கருவியில் பூட்டி, சுமை கூடினால் எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது என்று அளப்பார்கள். மெக்கானிக்குக்கு அந்தக் கருவி வேண்டாம். கொஞ்ச நேரம் ஓட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். காபிப்பொடி நிறமாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், இன்ஜின் கொதிக்கிறது. ஏற்றத்தில் கிளச் வழுக்குகிறதா என்று பார்க்க மட்டும் கேப்பர் மலைப் பக்கம் போக வேண்டும். மற்றபடி நம் வட்டாரம் தட்டைத் தரை.

ஆனால் என்னைக் கேட்டால், சோதிக்க வேண்டிய முதல் பொருள் இன்ஜின் இல்லை, பிரேக். 15 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல பிரேக் பிடித்தால் சைக்கிள் மூன்று மீட்டரில் நின்றுவிடும். 45 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மடங்குத் தூரம் போதுமா? போதாது. ஒன்பது மடங்கு வேண்டும், ஏறக்குறைய 27 மீட்டர்! இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் வரும் வினை இது. போதாததற்கு, நம்ம ஊர் மழையில் இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். மொபெட்டுக்கு டிரம் பிரேக்கும் தடித்த டயரும் பலமான சட்டமும் ஏன் வந்தன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. சைக்கிளில் இன்ஜின் மாட்டலாம். மாட்டியபின் மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அரசின் சட்டப்படியும் அது வெறும் சைக்கிள் இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 25 சிசிக்கு மேற்பட்ட இன்ஜின் வைத்த இருசக்கர வண்டி மோட்டார் வாகனம். பதிவு எண், காப்பீடு, லைசென்ஸ் இல்லாமல் சாலைக்கு வரக்கூடாது. 50 சிசி வரை ஓட்டவும் 16 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

அதுவரை உங்களுக்கு இன்ஜின் இல்லாத ஒரு சோதனை தருகிறேன். பள்ளி மைதானத்தில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோடு ஒன்று போடுங்கள். மெதுவாக ஓட்டி வந்து கோட்டில் பிரேக் பிடித்து, நின்ற தூரத்தை அளந்து பாருங்கள். பிறகு கொஞ்சம் வேகமாக வந்து அளந்து பாருங்கள். கடைசியாக ரிம்மை நனைத்துவிட்டு மெதுவாகவே வந்து அளந்து பாருங்கள். மூன்று எண்களையும் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.