அம்மாவைப் பகலில் யாரிடம் விடுவது?

நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். எழுபத்தொன்பது வயதான என் தாயாருக்கு மூன்று ஆண்டுகளாக மறதி நோய். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தவர், பிறகு தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியையே மறக்கத் தொடங்கினார். முதியோர் இல்லத்தில் சேர்க்க மனம் ஒப்பவில்லை. எனவே, காலையில் கொண்டு விட்டு மாலையில் அழைத்து வரும் பகல்நேரக் காப்பகம் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். சுத்தமான இடம், அன்பான பணிப்பெண்கள். ஆனால் நான்காம் நாள் மாலை, பாழான புடவையோடு அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"வெளிக்குப் போகணும்" என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். தமிழ் தெரியாத அந்தப் பெண்களோ, வீட்டுக்குப் போகக் கேட்கிறார் என்று எண்ணி, சாயந்திரம் போகலாம் என்று தேற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பத்மாராவ் நகரில் நாற்பது ஆண்டுகள் காய்கறிக்காரியிடம் தெலுங்கில் பேரம் பேசியவர்தானே என்று, மொழியைப் பற்றிக் கேட்காமலே சேர்த்தது என் தவறு.

நம் ஊர் பஞ்சாகுட்டா நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவை அன்பர்கள் அறிந்திருக்கலாம். ஒரே மொழி பேசுபவர்களைவிட, இரு மொழி பேசுபவர்களுக்கு இந்நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கியதாம். பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. வந்த ஊரில் கற்ற தெலுங்கு நம் பெரியவர்களுக்குச் செய்யும் உபகாரம் இது! ஆனால் நோய் முற்றும்போது, பின்னால் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழியே மிஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. என் தாயாருக்கும் அதுவே நேர்ந்தது.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்கிறது 2023-இல் வெளியான ஒரு மதிப்பீடு. ஆகவே, பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

காப்பகத்தை இருமுறை பாருங்கள். இரண்டாம் முறை, சொல்லாமல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்களா, டி.வி. முன் தூங்கி வழிகிறார்களா என்பது அப்போது தெரியும். கழிவறையில் கைப்பிடி உண்டா, தரை வழுக்குமா, கதவை வெளியிலிருந்து திறக்க முடியுமா என்று பாருங்கள். எத்தனை முதியவர்களுக்கு எத்தனை பணியாளர்கள், மருந்து கொடுப்பது யார், கீழே விழுந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள், வாசலில் எப்போதும் ஆள் உண்டா என்று கேளுங்கள். கட்டண விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். நம் ஊர்ப் போக்குவரத்தில் ஒன்றரை மணி நேரப் பயணம் முதியவரின் உடம்புக்கு ஆகாது. சற்று எளிமையானதாக இருந்தாலும் அருகிலுள்ள இடமே மேல். ஒரு வாரமாவது பரீட்சார்த்தமாக அனுப்பிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் தெரிந்தவர் ஒருவராவது உண்டா என்று கேளுங்கள். இல்லையேல் நான் இப்போது செய்திருப்பதைச் செய்யலாம். தண்ணீர், பசி, வலி, குளிர், வெளிக்குப் போவது என அம்மா சொல்லும் பத்துச் சொற்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதி, எதிரே பொருளும் குறித்து, ஓர் அட்டையாக்கிக் கொடுத்திருக்கிறேன். புதிய காப்பகத்து ஆயா அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அம்மாவின் புடவை அதன்பின் பாழாகவில்லை.

எங்கே விசாரிப்பது என்று தெரியாதவர்கள், 14567 என்ற அரசின் இலவச முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம். 1992-இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கத்துக்கு நம் நகரிலும் கிளை உண்டு.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்ற அன்பர்கள் வாரம் ஒரு மணி நேரம் அருகிலுள்ள காப்பகத்துக்குச் சென்று, அங்குள்ள தமிழ்ப் பெரியவர்களோடு பேசிவிட்டு வரலாகாதா? எங்கள் காப்பகத்தில் என் தாயாரைத் தவிர இன்னும் இருவர் இருக்கிறார்கள்.