வெளுத்த பல்லும் ஒட்டாத பிசினும்

தமிழில் ‘முறுவல்’ என்னும் சொல் பல்லையும் குறிக்கும், புன்னகையையும் குறிக்கும். வெண்பற்களே முகத்துக்கு அழகு என்னும் எண்ணம் அத்துணைப் பழையது. இன்று அவ்வெண்மையைப் பல் மருத்துவர் வேதிப்பொருளால் வருவிக்கிறார். ஹைட்ரஜன் பெராக்சைடோ, அதனை வெளியிடும் கார்பமைடு பெராக்சைடோ கலந்த களிம்பு பல்லின்மீது பூசப்படுகிறது. அதிலிருந்து பிறக்கும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் எனாமலை ஊடுருவி, நிறம் தரும் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. பல் வெளுக்கிறது.

சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது. பல் வெளுக்கும், முன்பே அடைத்திருந்த பிசின் வெளுக்காது. வெண்பல்லின் நடுவே அது மஞ்சளாகத் தனித்துத் தெரியும். அதனை அகற்றிப் புதிதாக அடைக்க முற்பட்டாலோ, புதிய பிசின் பல்லில் உறுதியாக ஒட்டுவதில்லை.

ஒட்டாமைக்குக் காரணம் என்ன? எனாமலை அமிலத்தால் பதப்படுத்தினால் பிசின் நன்கு பற்றும் என்பதை 1955ஆம் ஆண்டில் மைக்கேல் புவோனோகோர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவ அறிஞர் காட்டினார். அமிலம் உண்டாக்கும் நுண்துளைகளுள் பிசின் புகுந்து, மரம் வேரூன்றுவதுபோல் நிலைபெறுகிறது. நீல ஒளி பட்டதும் அதனுள் தனி உறுப்புகள் தோன்றி, சிறு மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாக இணைக்கின்றன, பிசின் இறுகுகிறது. வெளுத்த பல்லில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனோ அத்தனி உறுப்புகளைப் பற்றிக்கொள்கிறது. சங்கிலி வளராமல் நின்றுவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், பிசின் வேர்கள் குட்டையாகவும் சிலவாகவும் காணப்படும்.

ஆக்சிஜன் தானே வெளியேறும்வரை ஒன்று முதல் மூன்று வாரங்கள் காத்திருப்பதே வழக்கமான தீர்வு. முன்பல் உடைந்து வந்து நிற்பவருக்கு அது நெடுங்காலம். ஆகவே, எஞ்சிய ஆக்சிஜனை அடக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்களை ஆய்வாளர்கள் நாடினர். முதலில் பயன்பட்டது வைட்டமின் ‘சி’யின் உப்பாகிய சோடியம் அஸ்கார்பேட்டு. வைட்டமினை நேரே பூசினால் அதன் அமிலத்தன்மை பல்லை அரிக்கும். உப்பு அவ்வாறு செய்யாது. அதன் 10 விழுக்காட்டுக் கரைசல், குறைந்த பிணைப்பு வலிமையை மீட்டுத் தந்தது.

பின்னர்த் தாவரங்களின்பால் கவனம் திரும்பியது. நாம் துப்பிவிடும் திராட்சை விதையில் புரோஆந்தோசயனிடின் என்னும் சேர்மம் உண்டு. அதன் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதிகள் பல இருப்பதால், தனி உறுப்புகள் பலவற்றை அடக்கும் ஆற்றல் அதற்கு வாய்க்கிறது. இதன் 5 விழுக்காட்டுக் கரைசலைச் சென்னை ஆய்வாளர்கள் சோதித்து, 2011இல் நல்ல விளைவை வெளியிட்டனர். மாதுளைத் தோல், பச்சைத் தேயிலை ஆகியவற்றின் சாறுகளும் சோதிக்கப்பட்டுள்ளன.

எனினும், இச்சோதனைகளுள் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களில் நிகழ்ந்தவை. உமிழ்நீர் ஊறும் வாயில், நாள்தோறும் மெல்லும் பல்லில், அப்பிணைப்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்பது வேறு வினா. திராட்சை விதைச் சாறு பழுப்பு நிறமுடையது. வெளுத்த பல்லில் அதுவே கறையாகலாம். மேலும், வெளுத்த பல்லின் நிறம் உடனே நிலைபெறுவதில்லை. முதல் இரு வாரங்களில் சற்றே மங்கும். முதல் நாளிலேயே நிறம் பொருத்தி அடைத்தால், பிசின் உறுதியாக ஒட்டியிருந்தாலும், இம்முறை பல்லைவிட அடைப்பே வெண்மையாகத் தெரியும்.