மகிழ் முற்றம்: குழுத் தலைமை படிப்பைக் கெடுக்குமா?

அரசுப் பள்ளியில் படிக்கும் மகன் "நான் முல்லை, தங்கச்சி நெய்தல்" என்று சொன்னால் பெற்றோர் குழம்ப வேண்டியதில்லை. 2024 நவம்பரில் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய 'மகிழ் முற்றம்' திட்டத்தின் குழுப் பெயர்கள் அவை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்கள். பல வகுப்புப் பிள்ளைகளும் ஒரே குழுவில் கலந்திருப்பார்கள். மாணவர் தலைவர்களும் பொறுப்பாசிரியர்களும் உண்டு.

சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு இது புதிய பழக்கம். பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தி மதிப்பெண் குவித்த தனியார் பள்ளிகளை நாம் பார்த்தவர்கள். அதைத் தடுக்கத்தான் 2018-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் அதை நீக்குவதாகவும் அறிவித்துவிட்டார்கள். 'மன்றமும் விளையாட்டும் படிப்பைக் கெடுக்கும்' என்ற எண்ணம் மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. பத்துப் பேரிடம் கருத்துக் கேட்டு, முரண்டு பிடிப்பவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு வேலையை முடிக்கும் பயிற்சியை எந்தக் கோச்சிங் வகுப்பு தரும்?

இதில் அதிகம் இழப்பவர்கள் பெண் பிள்ளைகள்தாம். 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகளும் இருக்கின்றன. நடனம் வேண்டாம் என்று நினைக்கும் வீட்டார் இவற்றுக்கும் சேர்த்தே தடை போட்டுவிடுகிறார்கள். மாலை மதரஸா நேரத்தோடு பயிற்சி மோதினால் ஹஜ்ரத்திடம் சொல்லுங்கள். போட்டி முடியும்வரை பாட நேரத்தை மாற்றித் தருவது எங்களுக்குப் பெரிய சிரமமல்ல.