உப்புக்கரையில் ஒரு தக்காளித் தோட்டம்

புதுவை நகரின் வடக்கெல்லையைத் தாண்டியதும் கோட்டக்குப்பம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். பாத்திகளில் தேக்கிய உவர்நீர் வெயிலில் காய்ந்து, வெண்மணற் குன்றுகள் போல உப்பு குவிந்து கிடப்பதை அவ்வழியே பயணம் செய்தோர் கண்டிருப்பர். காற்றிலும் உப்பு, கிணற்றிலும் உப்பு என்ற இக்கரையில் வீட்டுக் கொல்லையில் தக்காளி பயிரிட முடியுமா என்று வாசகியார் ஒருவர் நம்மைக் கேட்டார். கோட்டக்குப்பத்தில் கடலுக்கு அருகே வாழ்பவர் அவர். கேள்வியோடு நில்லாமல், "ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள், ஐயா" என்றும் அழைத்தார். 2024 ஆம் ஆண்டு கோடையில் சென்றிருந்தோம்.

கொல்லையில் எட்டுச் செடிகள் இருந்தன. காய்களும் இருந்தன. ஆனால் ஏறக்குறைய எல்லாக் காய்களின் அடிப்புறமும் கருத்து, குழி விழுந்து, தோல் போலத் தடித்திருந்தது. "பூச்சி அரித்துவிட்டது, ஐயா. இரண்டு முறை மருந்து அடித்தும் கேட்கவில்லை" என்றார் அம்மையார். எந்த மருந்து என்று வினவினோம். அடுப்படிக்குள் சென்று, பரணில் உப்பு ஜாடிக்கும் புளிப்பானைக்கும் நடுவே இருந்த ஒரு பழைய தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்தார். கடையில் அளந்து ஊற்றிக் கொடுத்ததாம். பெயர்ச்சீட்டு இல்லை; மூடியும் சரியாகப் பொருந்தவில்லை. மூன்று வயதுப் பேரன் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தான்.

அந்தப் புட்டியைப் பற்றிப் பின்னர் பேசுவோம். முதலில் காயைப் பார்ப்போம்.

அம்மையாரின் காய்களைக் கெடுத்தது பூச்சியே அன்று. காயை அறுத்துப் பார்த்தோம். துளையும் இல்லை, புழுவும் இல்லை, எச்சமும் இல்லை. இது காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமையால் உண்டாகும் அழுகல். மண்ணில் சுண்ணாம்பு இல்லாமற் போவதால்தான் வரும் என்று எண்ணவேண்டாம். சத்து மண்ணில் இருந்தும், அதை நீரோடு சேர்த்து உறிஞ்சி மேலே அனுப்ப வேரால் இயலாதபோது வளரும் காய் பட்டினி கிடக்கிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஒருநாள் வெள்ளமாகவும் மூன்றுநாள் வறட்சியாகவும் நீர் விடும் பழக்கம். மற்றொன்று, உப்பு. நீரில் உப்பு மிகுந்தால் அருகிலேயே ஈரம் இருந்தும் வேர் அதைக் குடிக்க மாட்டாமல் தவிக்கிறது. கடல் நடுவே தாகத்தால் வாடும் மாலுமியின் நிலைதான். தென்னை இந்த உப்பைத் தாங்கும். தக்காளி ஓரளவுதான் தாங்கும். இந்நோய்க்கு எந்தப் பூச்சிமருந்தை எத்தனை முறை தெளித்தாலும் பயன் விளையாது.

அம்மையாரின் கிணற்று நீரை நாவில் இட்டுப் பார்த்தோம், கரித்தது. முன்னாளில் இந்நீரில் பருப்பு வெந்தது என்றும், இப்போது வேகுவதில்லை என்றும் சொன்னார். இக்கரை நெடுகிலும் இதே முறையீடுதான். ஆழ்குழாய்க் கிணறுகள் நன்னீரை இறைக்க இறைக்க, அந்த வெற்றிடத்தில் கடல்நீர் நிலத்தடியே புகுகிறது. இதை ஒரு வீட்டார் மட்டும் திருத்திவிட முடியாது. ஆயினும் எட்டுச் செடிக்கு வேண்டிய நீரை ஒரு வீட்டார் சேமிக்க முடியும். தமிழகத்தில் கட்டடங்கள் அனைத்துக்கும் மழைநீர் சேகரிப்பு 2003 ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. கூரையிலிருந்து இறங்கும் குழாய் பல வீடுகளில் சடங்குக்காக நிற்கிறது. அதன் வாயில் ஒரு மூடிய தொட்டியை வைத்தால், மழைக்காலத்து நீர் பல வாரங்களுக்குக் கைகொடுக்கும். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் செடிக்கு உகந்தவை. உப்பு போட்டு வேகவைத்த நீர் ஆகாது.

கிணற்று நீரையே விடவேண்டிய நிலை வந்தால், நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதை விடுத்து, தொட்டியின் அடித்துளை வழியே வடியும் அளவுக்கு நிறைய ஊற்றி, பின் இடைவெளி விடுதல் நன்று. மேலோட்டமாகத் தெளிக்கும் நீர் ஆவியாகி, தன் உப்பை மண்ணின் மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. தொட்டியின் விளிம்பில் வெண்மையாகப் பூத்திருப்பது அதுவே. அம்மையார் தம் கொல்லையில் சிறியதோர் உப்பளத்தையே நடத்திக்கொண்டிருந்தார்! காய்ந்த இலைகளையும் வைக்கோலையும் கொண்டு மூடாக்கு இட்டால் ஆவியாதல் குறையும். தென்னை நார்க்கழிவைத் தொட்டி மண்ணில் கலப்போர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த நார்க்கழிவில் உப்பு ஒளிந்திருக்கும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பின்னரே அதைப் பயன்படுத்த வேண்டும். கடற்கரை மணல் அறவே கூடாது. முட்டையோட்டைப் பொடித்து இடுவதில் தவறில்லை. ஆனால் அது மண்ணில் கரைய நெடுங்காலம் பிடிக்கும். இன்று இட்டால் நாளை காய் தேறும் என்று நம்பியிருப்போர் ஏமாந்து போவர்.

விதைக்கும் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். உப்பளத்தாரும் தக்காளி வளர்ப்போரும் ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஒருங்கே அஞ்சவேண்டியவர்கள். மழை ஓயும் தறுவாயில் தாழ்வாரத்தில் ஒரு தட்டில் விதைத்து, இருபத்தைந்து நாள் நாற்றை மார்கழி இறுதியில் நட்டால், கோடை முற்றுமுன் பழம் பறித்துவிடலாம். சித்திரை வெயிலில் பூக்கள் காயாகாமல் உதிரும். அதைப் பூச்சியின் மேல் ஏற்றிப் பழிசுமத்துவோரும் உண்டு. நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி அளித்த பி.கே.எம். 1 என்னும் இரகம் வீட்டுக்கு ஏற்றது. அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து தோன்றிய இரகம் அது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் பிறந்து, மெக்சிகோவில் வளர்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியே ஐரோப்பா சென்று, பின் நம் குழம்புச் சட்டிக்குள் புகுந்த இக்காயை நம் பாட்டிமார் 'சீமைத்தக்காளி' என்றே அழைத்தனர்.

இனி உண்மையான பூச்சிகளுக்கு வருவோம். அவை இல்லை என்று நாம் சொல்லவில்லை.

முதலாவது வெள்ளை ஈ. இலையின் அடிப்புறத்தில் இருந்து சாறு உறிஞ்சும். உறிஞ்சுவதைவிடப் பெருங்கேடு, இலைச்சுருள் நோயின் நச்சுயிரியை அது செடிக்குச் செடி கொண்டுசெல்வதே. இலை சுருண்டு, செடி குறுகிப்போனால் அதற்கு மருந்தில்லை. தயங்காமல் பிடுங்கி அகற்றவேண்டும். நாற்றுப் பருவத்தில் நெருங்கிய கண்ணுடைய நைலான் வலையால் மூடுவது பயன் தரும். கொசுவலை போதாது; அதன் கண்ணுக்குள் இந்த ஈ எளிதில் நுழைந்துவிடும். மஞ்சள் வண்ணம் பூசிய தகரத்தில் விளக்கெண்ணெயைத் தடவிச் செடிகளுக்கு இடையே நிறுத்தினால் ஈக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது காய்ப்புழு. தலையைக் காய்க்குள் நுழைத்து, உடலின் பின்பகுதியை வெளியே வைத்துக்கொண்டு தின்னும் பழக்கம் உடையது. ஒரே புழு பல காய்களைத் துளைத்துக் கெடுக்கும். எட்டுச் செடிக்குக் கையைவிடச் சிறந்த கருவி இல்லை. காலையில் கால்மணி நேரம் செடியைச் சுற்றிவந்தால் போதும். ஓரத்தில் செண்டுமல்லி நட்டால், தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டு அதன் பூவை நாடி முட்டையிடும். மணற்பாங்கான நிலத்தில் மிகுதியாய்க் காணப்படும் வேர்முடிச்சு நூற்புழுவையும் செண்டுமல்லியின் வேர் குறைக்கிறது.

வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லோரும் அறிந்ததே. பருப்பை 50 கிராம் இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவேண்டும். காலையில் தெளித்தால் வெயில் அதன் ஆற்றலைக் கெடுத்துவிடும்.

மாவுப்பூச்சியின் கதை சற்று நீளமானது, எனினும் சொல்லத்தக்கது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008 ஆம் ஆண்டில் கோவையில் முதன்முதலாகக் காணப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் தமிழகமெங்கும் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, கத்தரி, தக்காளி என எதையும் விடாமல் பஞ்சு போல அப்பிக்கொண்டது. கடும் நஞ்சுகளைத் தெளித்தனர். பூச்சியின் மேலிருந்த மெழுகுப் போர்வை மருந்தைத் தடுத்தது. அதை உண்ணும் நன்மை செய்யும் பூச்சிகளே மடிந்தன. இறுதியில் பெங்களூரிலிருந்த தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வகத்தார் 2010 ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தனர். அசிரோபேகஸ் என்னும் அக்குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு அதை உள்ளிருந்தே தின்று வெளிவரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றைப் பெருக்கிப் பரப்பியது. நஞ்சுக்கு அடங்காத பூச்சி அக்குளவிக்கு விரைவில் அடங்கியது.

இன்னொரு செய்தி. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898 ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்று உண்டு. அதன் புழுவும் வெண்மெழுகு போர்த்து மாவுப்பூச்சி போலவே தோன்றும். ஆகவே பகைவனென்று எண்ணி நண்பனை நசுக்கிவிடுகிறோம். கூர்ந்து பாருங்கள்: விரைந்து ஓடினால் அது பெரும்பாலும் நண்பன், அசையாமல் ஒட்டியிருந்தால் பகைவன். மாவுப்பூச்சியைக் காக்கும் எறும்புகளின் வரிசையை முதலில் தடுத்தால் பாதி வேலை முடிந்தது.

பூச்சிகளுக்கும் மனிதருக்கும் உள்ள இந்த வழக்கு ஒருமுறை உண்மையாகவே நீதிமன்றம் ஏறியது. இன்றைய பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்புறத்தில் சேன் ஜூலியன் என்னும் ஊரில் திராட்சைத் தோட்டங்களைக் கூன்வண்டுகள் அழித்தன. மக்கள் 1587 ஆம் ஆண்டில் மறைமாவட்ட நீதிமன்றத்தில் வண்டுகள் மீது வழக்குத் தொடுத்தனர். வண்டுகளுக்கும் ஒரு வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார்! மனிதருக்கு முன்பே இறைவன் சிற்றுயிர்களைப் படைத்து, பசும்பூண்டுகளை அவற்றுக்கு உணவாகத் தந்தார் என்று தொடக்கநூலைக் காட்டி அவர் வாதாடினார். ஊரார் இரங்கி, வண்டுகளுக்கென ஒரு நிலத்தை ஒதுக்கித் தர முன்வந்தனர். அந்நிலம் தரிசு என்று வழக்கறிஞர் மறுத்தார். தீர்ப்பு யாதென யாரும் அறியார். ஏட்டின் கடைசிப் பக்கத்தை எலிகளோ பூச்சிகளோ அரித்துவிட்டன. நாம் அந்த வழக்கறிஞரின் பக்கம் முழுதும் சாயவில்லை. ஆயினும் எட்டுச் செடியில் ஓரிரு காய் போனால் குடும்பம் பட்டினி கிடக்கப் போவதில்லை என்பது நம் கருத்து.

இப்போது அந்தப் புட்டிக்கு வருவோம். 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்னும் சிற்றூரின் பள்ளியில் மதிய உணவு உண்ட பிள்ளைகளுள் 23 பேர் மாண்டனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது சோதனையில் வெளிப்பட்டது. காய்கறிகளுக்கு அந்நஞ்சைப் பயன்படுத்தலாகாது என்று நடுவண் அரசு 2005 ஆம் ஆண்டிலேயே தடை விதித்திருந்தது. எண்ணெயும் நஞ்சும் நிறத்தால் வேறுபடாதபோது, பெயர்ச்சீட்டில்லாத புட்டி அடுப்படிப் பரணில் இருப்பது எத்தகையது என்பதை அம்மையாரிடம் எடுத்துரைத்தோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இதை எங்கே கொட்டுவது, ஐயா?" என்று கேட்டார். சாக்கடையிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. நெகிழிப் பையில் கட்டி, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள் என்றோம். அன்று மாலையே கொடுத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். பணம் திரும்பவில்லையாம், அதற்காக அவர் வருந்தவும் இல்லை.

அவ்வாண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. அதன் பெருமழையில் அம்மையாரின் பழைய செடிகள் யாவும் போயின. ஆனால் புதிதாய் வைத்த மழைநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் புதிதாக விதைத்தார். மூடாக்கு, செண்டுமல்லி, காலை நேரச் சுற்று என எதையும் விடவில்லை. இரண்டு செடிகளை இலைச்சுருள் நோய்க்குப் பறிகொடுத்தார். மற்றவை மார்ச் மாதத்தில் பழுத்தன. சற்றே உவர் கலந்த நீரில் வளரும் தக்காளி அளவில் சிறுத்தாலும் சுவையில் மிஞ்சும் என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. அம்மையாரின் பழங்களும் எலுமிச்சை அளவே இருந்தன.

2025 ஆம் ஆண்டு மார்ச்சில் நம் தவக்காலமும் அண்டை வீட்டாரின் ரமலான் நோன்பும் ஒருசேர வந்தன. முதற்பறிப்பில் பாதியை முறத்தில் இட்டு, நோன்புக் கஞ்சிக்கென வேலியின் மேலாக அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாராம். மாலையில் தூக்குச்சட்டி நிறையக் கஞ்சி வந்ததாம்.