பிரேக் ஆயில் எண்ணெய் அல்ல!
பழைய மோட்டார் சைக்கிளின் மாஸ்டர் சிலிண்டரைப் புதுப்பிக்கும் முறை

விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வரவும், வசூலுக்கு ஊர் ஊராகச் செல்லவும் நம் வணிக அன்பர்கள் பலருக்குக் கைகொடுப்பது மோட்டார் சைக்கிள்தான். புது வண்டி வாங்க வசதி இருந்தும், ராசியான பழைய வண்டியை விட மனம் வராதவர்கள் உண்டு. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றும் இவர்கள், பிரேக்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் அரிசி மூட்டையை வைத்துக் கட்டி மேம்பாலம் இறங்கும்போது, எஞ்சின் நின்றால் தாமதம் மட்டுமே ஆகும். பிரேக் நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

பழைய புல்லட், ராஜ்தூத், யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவற்றில் கேபிளும் கம்பியும் இழுக்கும் டிரம் பிரேக்தான். அவற்றில் மாஸ்டர் சிலிண்டர் கிடையாது. உலக அளவில் 1969இல் வந்த ஹோண்டா சி.பி. 750 வண்டிதான் திரவ அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக்கை மோட்டார் சைக்கிளில் பிரபலமாக்கியது. நம் நாட்டில் 1999இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.பி.இசட், 2001இல் வந்த பஜாஜ் பல்சர் போன்ற வண்டிகளால் அது பரவியது. அந்தக் காலத்தில் வாங்கிய வண்டிகள் இன்று இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. அவற்றில் உள்ள ரப்பருக்கும் அதே வயதுதான்.

வேலை செய்யும் விதம்

வலது கைப்பிடியில், பிரேக் லீவரை ஒட்டியுள்ள சிறு அலுமினியப் பகுதியே மாஸ்டர் சிலிண்டர். லீவரை அழுத்தினால் உள்ளே ஒரு பிஸ்டன் நகர்ந்து திரவத்தைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் ஹோஸ் வழியாகக் காலிப்பருக்குச் சென்று, பேடுகளை டிஸ்க்கின்மீது இறுக்குகிறது. மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்பது பாஸ்கல் விதி. மேலே உள்ள பிஸ்டன் 14 மி.மீ., கீழே உள்ளது 42 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், மேலே கொடுக்கும் விசை கீழே ஒன்பது மடங்காகக் கிடைக்கும். இரண்டு விரலால் வண்டியை நிறுத்த முடிவது இதனால்தான். இத்தனை விசையையும் கசியாமல் காப்பது சிறிய ரப்பர் கப்புகள்.

பெயரில் உள்ள குழப்பம்

நாம் 'பிரேக் ஆயில்' என்று சொல்வது உண்மையில் எண்ணெயே அல்ல. டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் சார்ந்த ரசாயனத் திரவங்கள். மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பும் வெல்லமும் கசிவதை நம்மைவிட அறிந்தவர் யார்? பிரேக் ஆயிலுக்கும் அதே குணம். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 4இல் 230 டிகிரி, 155 ஆகலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் திரவம் ஆவியாகும். ஆவி அழுத்தினால் அமுங்கிவிடும் என்பதால் லீவர் கைப்பிடியைத் தொடும், ஆனால் வண்டி நிற்காது. அதே ஈரம் சிலிண்டரின் உட்சுவரையும் அரிக்கிறது.

கோளாறின் அறிகுறிகள்

லீவரை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல உள்ளே இறங்கினால், முன் கப் தேய்ந்துவிட்டது எனலாம். லீவரின் அருகே ஈரம் கசிந்தால் பின் கப் போய்விட்டது. லீவரை விட்ட பிறகும் சக்கரம் இறுக்கமாகவே சுற்றினால், திரவம் திரும்பும் நுண்துளை அடைத்திருக்கலாம். திரவம் காபி நிறத்துக்கு மாறியிருந்தால் வேறு அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம்.

புதுப்பிக்கும் முறை

முதலில் பெட்ரோல் டேங்கின்மேல் ஈரத்துணி விரிக்கவும். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவவும். பழைய திரவத்தை வடித்து, ஹோஸையும் லீவரையும் கழற்றவும். ரப்பர் உறையை நீக்கினால் உள்ளே ஒரு லாக் வளையம் தெரியும். அதற்குரிய பிளையர் கொண்டே எடுக்க வேண்டும். திருப்புளியால் நெம்பினால் சுவர் கீறும். பிறகு பிஸ்டன், கப், ஸ்பிரிங் எல்லாம் வெளிவரும். எது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று வரிசையாகத் தாளில் வைத்துக்கொள்ளவும்.

கழுவுவதற்குப் புதிய பிரேக் ஆயில் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மட்டுமே ஏற்றது. பெட்ரோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் ஆகியவற்றின் ஒரு துளி பட்டாலும் இந்த ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். 'ஆயில்தானே' என்று எஞ்சின் ஆயிலை ஊற்றினால் காலிப்பர் வரை உள்ள ரப்பர் அனைத்தும் பாழாகும்.

வெளிச்சத்தில் உட்சுவரைப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கீறலோ அரிப்புக் குழியோ இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை. சிலிண்டரையே மாற்ற வேண்டும். எமரித் தாள் தேய்த்துச் சமாளிப்பது ஆபத்து. திரவத் தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். அவற்றுள் ஊசிமுனை போன்ற சிறிய துளை அடைபட்டிருந்தால், ஒற்றைக் கம்பி இழையால் பெரிதாக்காமல் நீக்கவும்.

புதிய கப்புகளைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து, அவற்றின் உதடு ஸ்பிரிங் இருக்கும் உட்பக்கத்தைப் பார்க்கும்படி, மடங்காமல் செலுத்தவும். லாக் வளையம் பள்ளத்தில் முழுமையாக அமர்ந்ததை உறுதி செய்யவும். ஹோஸ் போல்ட்டின் இரு பக்கமும் புதிய வாஷர் போடுவது அவசியம்.

அடுத்து ஏர் எடுக்க வேண்டும். காலிப்பர் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயைச் சொருகி, லீவரை அழுத்திப் பிடித்து நிப்பிளைத் திறந்து மூடி, பின்னரே லீவரை விடவும். குமிழ் வராத வரை இதைத் தொடர வேண்டும். தொட்டி காலியாக விடக்கூடாது. ஏ.பி.எஸ். உள்ள புதிய வண்டிகளில் இவ்வேலையை அதற்குரிய கருவி உள்ளவரிடமே விடவும்.

லீவரை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்தும் இறங்கக்கூடாது. விட்டதும் சக்கரம் எளிதாகச் சுற்ற வேண்டும். சுமையின்றி, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்பே மூட்டை ஏற்றவும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்து அருகில் இருந்து கவனித்தாலே போதும்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

வண்டியின் மூடியில் எழுதியுள்ள வகையையே வாங்குங்கள். சிலிக்கான் வகையான டாட் 5ஐ மற்றவற்றுடன் கலக்கக்கூடாது. சீல் உடையாத சிறிய டப்பாவே நல்லது. திறந்து மாதக்கணக்கில் கிடந்ததைப் பயன்படுத்த வேண்டாம். கிட்டைப் பில்லுடன் வாங்கவும். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது நன்று.

மளிகைக் கடைக்காரர்கள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. பிரேக் ஆயில் நச்சு. மீந்ததைக் காலி எண்ணெய் பாட்டிலில் ஊற்றிக் கடையில் வைத்தால், அவசரத்தில் பையன் அதை நல்லெண்ணெய் என்று எடுத்துவிடக்கூடும். மீந்த டப்பாவைக் கடைக்குள் கொண்டு வராமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பெயர் எழுதி வையுங்கள்.

லோடு ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். அந்த வண்டியையும் இதே திரவமும் இதே ரப்பருமே நிறுத்துகின்றன. இன்று கடை திறக்கும் முன் ஒரு முறை லீவரை அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.