சோகைக்குத் தீ வேண்டாம்

மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டு முடிந்த கையோடு, வயலில் கிடக்கும் காய்ந்த தோகையான சோகையைக் கொளுத்துவார்கள், புகை எழும். கட்டைக்கரும்பு துளிர்க்க இடைஞ்சல், தண்ணீர் ஓடாது, பாம்பு அடையும் என்று ஆளுக்கொரு காரணம். எதுவும் பொய்யில்லை. ஆனால் எரிவது ஏக்கருக்கு 3, 4 டன் சோகை. அதிலுள்ள கார்பனும் நைட்ரஜனும் பெரும்பாலும் அந்தப் புகையோடு போய்விடும். பிறகு யூரியா மூட்டைக்கு அலைகிறோம். எனக்குத் தாங்காதது அதுதான்.

நான் ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைப் பரப்பிவிட்டு, காலியான சாலில் தண்ணீர் கட்டுகிறேன். ஈரம் காக்கவும் களையை அடக்கவும் மட்டும்தான் இந்த மூடாக்கு என்றால் பிளாஸ்டிக் தாளே போதும். தாளைத் தின்ன முடியாதே! சோகை மண்ணிலுள்ள உயிர்களுக்குச் சோறு.

சோகையை மண்ணுக்கு மேலே போடுவதா, உள்ளே உழுவதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நுண்ணுயிர்கள் தடையில்லாமல் தின்று பெருக, 1 பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 25 பங்கு கார்பன் வேண்டும். சோகையில் கார்பன் 80 பங்குக்கு மேலும் போகும். அதை உழுது மண்ணோடு கலந்தால், பற்றாக்குறை நைட்ரஜனை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். அவை செத்து மக்கும்போது அந்த நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்பும் என்றாலும், இளம்பயிர் அதுவரை பொறுக்காது. மேலே பரப்பினால் மண்ணைத் தொடும் அடிப்பக்கம் மட்டுமே மெல்ல மக்குகிறது. அதனால் இந்தத் தட்டுப்பாடு பெரிதாக வருவதில்லை. சோகைமேல் சாணிக்கரைசல் தெளித்து, கொஞ்சம் கிளைரிசிடியா தழையும் போட்டால் இன்னும் நல்லது. தழையில் நைட்ரஜன் அதிகம்.

அடிச்சோகையைப் புரட்டினால் வெள்ளை நூல்போல் பூஞ்சை படர்ந்திருக்கும். சோகைக்கு விறைப்பைக் கொடுக்கும் லிக்னினைச் சிதைப்பதில் பூஞ்சைக்குத்தான் முதலிடம். பாக்டீரியாவுக்கு ஈரப்படலம் இல்லாமல் ஆகாது. பூஞ்சையோ ஈரமண்ணிலிருந்து காய்ந்த சோகைக்குள் இழையை நீட்டிவிடும். அந்த இழைகளும் பாக்டீரியா சுரக்கும் பிசினும் மண்துகள்களைப் பொலபொலவென்ற கட்டிகளாகச் சேர்க்கின்றன. இடையிலுள்ள துளைகளில் காற்றும் மழைநீரும் இறங்குகின்றன. சித்திரை வெயிலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தொடும். மூடாக்கின் கீழே அந்தச் சூடு கிடையாது. மண்புழு மேலே வந்து மேய்வது அதனால்தான். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் மூடாக்கை வலியுறுத்தியதற்கு இத்தனை காரணங்கள் உண்டு.

கரையான் உள்ள காட்டில் சோகை காய்ந்தே கிடக்கக் கூடாது, நனைத்து வைக்க வேண்டும். துளிர்க்கும் கட்டையை மூடிவிடவும் கூடாது. எலி வரும், அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கூலிக்குப் பயந்து கொளுத்துகிறவர்கள் வெட்டு ஆட்களிடம் முன்பே பேசிவிடுங்கள். கொழுந்தாடையை மாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, சோகையை வெட்டும்போதே ஒன்றுவிட்டு ஒரு சாலில் தள்ளச் சொன்னால், பிறகு தனி ஆள் அதிகம் தேவைப்படாது.